கார்லெஸ் பாகே யார், அவரை ஏன் ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஹைடனோடு சேர்த்துப் பேசுகிறார்கள்?

பாகே 1768ல் பார்சிலோனாவில் பிறந்து, கடைசிவரை அந்த ஊரிலேயே வாழ்ந்த கத்தலானிய இசையமைப்பாளர், ஆர்கன் கலைஞர். ஊர்க்காரர்கள் செல்லமாக 'கார்லெட்ஸ்' என்று கூப்பிட்டார்கள். தாய்மாமா பிரான்செஸ்க் மரினேர் பார்சிலோனா கதீட்ரலில் ஆர்கன் (குழல்களில் காற்றைச் செலுத்தி ஒலிக்கும் பெரிய விசைப்பலகை வாத்தியம்) வாசித்தவர், அவரிடம் வளர்ந்து அவருக்குப் பின் அதே இடத்துக்கு வந்தார்.

அந்தக் காலத்து ஸ்பானிய ஆர்கனில் ஒரே விசைப்பலகையை நடுவில் இரண்டாகப் பிரித்திருப்பார்கள். இடது கைக்கு மென்மையான குழல்கள், வலது கைக்கு எக்காளம் மாதிரி முழங்கும் குழல்கள் என்று வேறு வேறு ஒலியைத் திறந்துவிடலாம், அதனால் ஒரே ஆள் பாடுவதும் பக்கவாத்தியம் வாசிப்பதும் போலக் கேட்கும்.

சரி, ஹைடன் எங்கே வருகிறார்? பாகே விசைப்பலகைக்கான சொனாட்டாக்களோடு (தனி வாத்திய இசைப் படைப்புகள்) நிற்காமல் முழு இசைக்குழுவுக்கான சிம்பொனிகளும் எழுதினார், அவற்றில் ஹைடனின் சாயல் நன்றாகவே தெரியும். ஆனால் வெறும் நகல் என்று ஒதுக்குவது அநியாயம், ஒரு தேவாலயக் கலைஞர் அந்தப் புதிய பாணியை இவ்வளவு சரளமாகக் கையாண்டதே பெரிய விஷயம். 1797ல் அவர் எழுதிய ஓர் இத்தாலிய ஓபராவும் (இசை நாடகம்) மேடையேறியது.

1808 பிப்ரவரி 29 அன்று, 40 வயது நிறையும் முன்பே இறந்தார். பிரெஞ்சுப் படை பார்சிலோனாக் கோட்டையைக் கைப்பற்றியதும் அதே நாளில்தான். அப்புறம் அவருடைய மாணவர் மத்தேவ் ஃபெரெர் அந்த ஆர்கன் முன் உட்கார்ந்தார்.