வாசகர் கேள்வி–பதில்: ஓட்டில்லாத மகனுக்கு வந்த நூறு டாலர்

இம்முறை வந்த கடிதங்களில் நான்கு, உள்ளூர்த் தேர்தல்களில் புழங்கும் பணத்தைப் பற்றியவை. எனவே மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, இந்த நான்கையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறோம்.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கிரீன் கார்டுடன் வாழும் என் மகனுக்கு, நகர நிர்வாகத்திடமிருந்து 25 டாலர் மதிப்புள்ள நான்கு சீட்டுகள் தபாலில் வந்துள்ளன. கவுன்சிலர் தேர்தலில் தனக்குப் பிடித்த வேட்பாளருக்கு அவற்றைக் கொடுக்கலாம் என்கிறான். ஓட்டுரிமையே இல்லாதவனுக்கு இது எப்படி வரும்? மோசடியாக இருக்குமோ? – வாசகர், திருச்சி

மோசடி இல்லை, கவலையை விடுங்கள். அந்தச் சீட்டுகளுக்கு ‘ஜனநாயக வவுச்சர்’ என்று பெயர். 2015 நவம்பரில் சியாட்டில் வாக்காளர்கள் நேரடி வாக்கெடுப்பில் ஏற்றுக்கொண்ட இத்திட்டம், 2017 தேர்தலில் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. இதற்காகச் சொத்துவரியிலிருந்து ஆண்டுக்கு 30 லட்சம் டாலர் ஒதுக்கினார்கள். பதிவுபெற்ற வாக்காளர்களுக்குச் சீட்டுகள் தாமாகவே வந்துசேரும். 18 வயது நிறைந்து அந்நகரில் வசிக்கும் கிரீன் கார்டுதாரர்கள் விண்ணப்பித்துப் பெற்றுக்கொள்ளலாம். தங்கள் மகன் எப்போதோ விண்ணப்பித்துவிட்டு மறந்திருக்கக்கூடும்.

சீட்டைக் காசாக மாற்ற முடியாது, விற்கவும் முடியாது. வேட்பாளரின் பெயரையும் தேதியையும் எழுதிக் கையொப்பமிட்டு, தபாலில் அனுப்பலாம் அல்லது வீடு தேடி வரும் பிரசாரக்காரரிடமே கொடுத்துவிடலாம். தன் வார்டு வேட்பாளருக்குத்தான் தர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பயன்படுத்தாத சீட்டின் பணம் திட்டத்தின் நிதியிலேயே தங்கிவிடும். ஆனால் ஒன்றை மகனிடம் சொல்லிவையுங்கள்: யார் யாருக்குச் சீட்டுக் கொடுத்தார்கள் என்ற விவரம் பொது ஆவணம். ஓட்டுப் போட்டது யாருக்கு என்பது இரகசியம். சீட்டுக் கொடுத்தது யாருக்கு என்பது பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரிய வரலாம்.

வேட்பாளரும் சும்மா கைநீட்டி வாங்கிவிட முடியாது. வார்டு கவுன்சிலர் பதவிக்குப் போட்டியிடுபவர், குறைந்தது 10 டாலர் வீதம் 150 பேரிடம் சொந்தப் பணத்தில் நன்கொடை பெற்றுக் காட்டிய பிறகே வவுச்சர் பணத்தைத் தொட முடியும். மேயர் பதவிக்கு 600 பேர் வேண்டும். முதல் தேர்தலிலேயே ஒரு வேட்பாளர், அந்தச் சிறு நன்கொடைகளில் சிலவற்றைத் தம் கைப்பணத்தால் நிரப்பிக் கணக்குக் காட்டினார் என்று வழக்கில் சிக்கினார். நம் ஊர் சாமர்த்தியம் நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை போலும்.

‘எனக்குப் பிடிக்காத வேட்பாளருக்கு என் வரிப்பணமா’ என்று வீட்டு உரிமையாளர்கள் இருவர் வழக்குத் தொடுத்தார்கள். வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் 2019இல் நீதிபதிகளின் ஒருமித்த தீர்ப்பால் திட்டத்தைச் செல்லும் என்றது.

சுற்றுலா விசாவில் அமெரிக்கா போயிருந்தபோது, என் மகனின் நண்பர் வீட்டில் பள்ளி வாரியத் தேர்தல் வேட்பாளர் ஒருவருக்காக நிதி திரட்டும் மதிய விருந்து நடந்தது. சாப்பிட்ட பிறகு 50 டாலர் கொடுக்கப் போனேன். மருமகள் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டாள். மகனும் கொடுக்கவில்லை, அவனுக்கு எச்1பி என்ற தற்காலிக வேலை விசா. நாலு பேர் எதிரில் அவமானமாகப் போய்விட்டது. – வாசகி, கோவை

தங்கள் மருமகளுக்கு நன்றி சொல்லுங்கள் அம்மா. அமெரிக்கக் குடிமக்களோ கிரீன் கார்டுதாரர்களோ அல்லாத எவரும், அதிபர் தேர்தலிலிருந்து பள்ளி வாரியத் தேர்தல் வரை எந்தத் தேர்தலுக்கும் பணம் கொடுப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. தொகை சிறிது என்பதற்காக விலக்குக் கிடையாது. விருந்துக்கான நுழைவுச்சீட்டை விலைக்கு வாங்குவதும் நன்கொடையே. தங்கள் பணத்தை நண்பர் தம் பெயரில் கொடுத்திருந்தால், அது பிறர் பெயரில் கொடுத்த குற்றமாகவும் ஆகியிருக்கும்.

எச்1பி விசாவில் பல ஆண்டுகள் வரி கட்டுகிறார்களே, அவர்களுக்கும் ஊர்க் காரியத்தில் அக்கறை இராதா என்ற கேள்வி நியாயமானதுதான். இதே வாதத்தோடு, தற்காலிக விசாவில் நியூயார்க்கில் பணிபுரிந்த ஒரு வழக்கறிஞரும் ஒரு மருத்துவரும் வழக்குத் தொடுத்தார்கள். 2011இல் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு அதைத் தள்ளுபடி செய்தது. 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிப்படுத்தியது. ஊதியம் வாங்காமல் துண்டறிக்கை கொடுக்கலாம், வீடு வீடாகப் போய் ஆதரவு கேட்கலாம். மகனுக்கு அது போதும்.

நூறு டாலர் சீட்டு இருக்கட்டும். பெரிய நிறுவனம் ஒன்று கோடிகளைக் கொட்டினால் அந்தச் சீட்டு என்ன செய்யும்? – வாசகர், மதுரை

இதற்கு விடை சொல்ல 2019 சியாட்டில் தேர்தலுக்கே போக வேண்டும். முந்தைய ஆண்டு மே மாதத்தில், வீடற்றோர் பிரச்சினைக்காகப் பெரிய நிறுவனங்கள் ஓர் ஊழியருக்கு ஆண்டுக்கு 275 டாலர் கட்ட வேண்டும் என்று நகர மன்றம் ஒருமனதாக வரி விதித்தது. அந்நகரைத் தலைமையிடமாகக் கொண்ட அமேசானும் பிற நிறுவனங்களும் கடுமையாக எதிர்க்கவே, ஒரு மாதத்துக்குள் அதே மன்றம் வரியைத் திரும்பப் பெற்றது. அடுத்த ஆண்டு ஏழு வார்டுகளுக்குத் தேர்தல் வந்தபோது, வணிகர் சங்கத்தின் அரசியல் குழுவுக்கு அமேசான் ஏறத்தாழ 15 லட்சம் டாலர் கொடுத்தது. அதில் பத்தரை லட்சம் ஒரே தவணையாக, வாக்குச்சீட்டுகள் தபாலில் வீடுகளுக்குப் புறப்படும் வாரத்தில் வந்தது.

வேட்பாளருக்கு நேரடியாகக் கொடுப்பதென்றால் அதிகபட்சம் சில நூறு டாலர்தான். பிறகு எப்படி இலட்சக்கணக்கில்? அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1976இல் ஒரு கோடு கிழித்தது: வேட்பாளரின் கையில் கொடுக்கும் பணத்துக்கு உச்சவரம்பு விதிக்கலாம், அவரோடு கலந்து பேசாமல் வெளியாள் தானே செய்யும் பிரசாரச் செலவுக்கு விதிக்கக் கூடாது. 2010இல் அந்த உரிமையை நிறுவனங்களுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் விரித்தது. வெளிப்பணம் என்று அங்கே பேசப்படுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான். வவுச்சர் திட்டத்தில் சேரும் வேட்பாளர் மட்டும் மொத்தச் செலவுக்கும் வரம்பு ஏற்றுக்கொள்கிறார். எதிர்த்தரப்புக்காக வெளியார் அதற்கு மேல் செலவழித்தால், அந்த வரம்பிலிருந்து விடுவிக்குமாறு கேட்கலாம். 2019இல் பலர் அப்படிக் கேட்டார்கள். வரம்பு என்ற சொல்லே ஏறத்தாழப் பொருளற்றுப் போனது.

முடிவு எல்லோரையும் வியக்க வைத்தது. வணிகர் குழு ஆதரித்த ஏழு பேரில் இருவரே வென்றார்கள். அக்குழு வீழ்த்த நினைத்தவர்களில் முதன்மையானவர் க்ஷமா சாவந்த். புனேயில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த சோசலிசக் கட்சிக்காரர் அவர். முதல் நாள் எண்ணிக்கையில் பின்தங்கியிருந்தவர் சில நாட்களில் முந்திவிட்டார். மறைக்காமல் சொல்வதானால், அவர் வவுச்சர் திட்டத்தில் சேரவில்லை. அவருக்கு வந்த நன்கொடையிலும் கணிசமான பகுதி நகருக்கு வெளியிலிருந்து வந்ததே. ‘அமேசான் பணம்’ என்று ஒரு பக்கமும் ‘வெளியூர்ப் பணம்’ என்று மறுபக்கமும் ஏசிக்கொண்டார்கள். 2020 ஜூலையில் புதிய மன்றம் பெரிய நிறுவனங்களின் ஊதியச் செலவின் மீது வேறொரு வரியை விதித்தது.

கலிபோர்னியாவின் ரிச்மண்ட் கதை இதைவிடக் கூர்மையானது. இலட்சத்துக்குச் சற்றே மேற்பட்ட மக்கள் வாழும் அவ்வூரில் செவ்ரான் நிறுவனத்தின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. 2012 ஆகஸ்டில் அங்கே தீப்பற்றி, ஏறத்தாழ 15,000 பேர் மருத்துவமனைகளை நாடினார்கள். இரண்டாண்டுகள் கழித்து வந்த மேயர், கவுன்சிலர் தேர்தலில் செவ்ரான் 30 லட்சம் டாலர் அளவில் செலவிட்டது. ஊரெங்கும் விளம்பரப் பலகைகள், அஞ்சல் பெட்டி நிறையத் துண்டறிக்கைகள். அது ஆதரித்த அத்தனை பேரும் தோற்றார்கள். புகையைச் சுவாசித்த ஊரில், அந்த அட்டைகளை அனுப்புவது யார் என்று தெரிந்ததே அவர்களுக்குப் பாதகமாயிற்று என்பது என் கணிப்பு.

எனவே தொகையைவிட, அதன் பின்னால் இருக்கும் பெயர் ஓட்டுக்கு முன்பே தெரிகிறதா என்பதைத்தான் நான் பார்ப்பேன். வாஷிங்டன் மாநிலத்தில், இத்தகைய குழுக்களின் விளம்பர அட்டையில் முதல் ஐந்து நன்கொடையாளர்களின் பெயர்களை அச்சிட வேண்டும். சிரித்த குடும்பம், பூங்கா, பள்ளிப் பேருந்து என்று படம் எதுவாக இருந்தாலும் அந்த ஒரு வரியைத் தேடிப் படித்தால் போதும். சியாட்டில் 2020 ஜனவரியில் இன்னொரு படி போனது. ஒற்றை வெளிநாட்டு உரிமையாளரிடம் 1 விழுக்காடோ, பல வெளிநாட்டினரிடம் சேர்த்து 5 விழுக்காடோ பங்கு உள்ள நிறுவனம் நகரத் தேர்தலில் செலவழிக்கக் கூடாது என்று சட்டம் செய்தது. பங்குச் சந்தையில் உள்ள பெரிய நிறுவனங்களில் பெரும்பாலானவை இந்த வலையில் விழும். வவுச்சரோ, பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறது: சிறு நன்கொடையாளர்களின் எண்ணிக்கை பெருகியது உண்மை, ஆனால் 2023 வரை நடந்த எந்தத் தேர்தலிலும் தகுதியுள்ளவர்களில் பத்தில் ஒருவர்கூட அதைப் பயன்படுத்தியதில்லை.

எங்கள் ஊராட்சித் தலைவர் பதவிக்கு என் தம்பி நிற்கப்போகிறான். டல்லாஸில் இருக்கும் ஊர் நண்பர்கள் பணம் அனுப்புவதாகச் சொல்கிறார்கள். வாங்கலாமா? – வாசகர், மன்னார்குடி

அனுப்புபவரின் குடியுரிமையைப் பொறுத்தது. 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், தேர்தல் வேட்பாளர்கள் வெளிநாட்டுப் பணம் பெறுவதைத் தடுக்கிறது. அச்சட்டம் ஊராட்சிகளையும் நகராட்சிகளையும் சேர்த்தே சொல்கிறது. இந்தியக் குடிமகனாகவே இருக்கும் நண்பர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்ட நண்பர், மன்னார்குடியிலேயே பிறந்து வளர்ந்தவராயினும், சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவரே. பெற்றோர், உடன்பிறந்தோர் போன்ற நெருங்கிய உறவினருக்குத் தனி விலக்கு உண்டு, நண்பர்களுக்கு இல்லை.

வந்த பணத்தை என்ன செய்வீர்கள் என்பதும் கேள்வி. 2019 தேர்தலில் ஊராட்சித் தலைவர் வேட்பாளரின் செலவு வரம்பு 34,000 ரூபாய். தம்பி மனுத் தாக்கல் செய்யும்போது அப்போதைய வரம்பைக் கேட்டுக்கொள்ளட்டும். அதற்குள் நிற்பதற்கு டல்லாஸ் வரை கை நீட்ட வேண்டியிராது. நண்பர்கள் அனுப்பித்தான் தீர்வோம் என்றால் அவர்களுடைய பாஸ்போர்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு நாட்டுப் பாஸ்போர்ட்டும் கருநீலம்தான். அட்டையில் இருப்பது சிங்கமா கழுகா என்று கவனித்துச் சொல்ல வேண்டும்.