மூன்றாவது போர்டும் போச்சு, இனி என்ன செய்வது? லேப்டாப் வாரண்டி கேள்வி பதில்

ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கிவிட்டேன். நீங்கள் திட்டியிருந்த கம்பெனிகளின் பெயர்களையும் எடுத்துவிட்டேன். சர்வீஸ் சென்டரில் பெஞ்சு வேலை பார்த்துவிட்டு இப்போது தனியாகக் கடை வைத்திருப்பவன் நான். கவுன்டருக்கு இரண்டு பக்கமும் நின்றிருக்கிறேன், அதனால் இரண்டு பக்கத்துக் கதையும் தெரியும்.

கல்லூரி மாணவர், கோவை: அண்ணா, லேப்டாப் வாங்கிப் பத்து மாதம்தான் ஆகிறது. வேலை செய்துகொண்டே இருக்கும்போது அணைந்துவிடும், பிறகு ஆன் ஆகாது. இரண்டு முறை மதர்போர்டு மாற்றினார்கள். மூன்றாவது போர்டும் இப்போது அதே மாதிரி. புது லேப்டாப்பே கேட்கலாமா?

கேளுங்கள் தம்பி. ஆனால் ஒரே பாகம் இரண்டு முறை போனால், கோளாறு அந்தப் பாகத்தில் இல்லாமலும் இருக்கலாம். அதை முதலில் பார்த்துவிடுவோம். வீட்டுக்கு வரும் இன்ஜினியர் உங்கள் லேப்டாப்பை ஆராய வருவதில்லை. நீங்கள் போனில் சொன்னதை வைத்து வேறொருவர் ‘போர்டு’ என்று முடிவு செய்து பார்சல் அனுப்பியிருப்பார். வருகிறவர் பெட்டியைப் பிரித்து, மாற்றிவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போவார். சார்ஜர் சரியில்லையா, பேட்டரி சரியில்லையா, சார்ஜிங் ஜாக் ஆடுகிறதா, ஹிஞ்சுக்குள் (ஸ்கிரீனையும் அடிப்பாகத்தையும் இணைக்கும் கீல்) டிஸ்ப்ளே கேபிள் நசுங்கி ஷார்ட் ஆகிறதா என்றெல்லாம் பார்க்க அவர் கையில் பாகமும் இருக்காது, நேரமும் இருக்காது. அதனால் இந்த முறை புகார் பதியும்போதே, “இரண்டு போர்டு மாற்றியும் அதே பழுது. சார்ஜர், பேட்டரி, ஜாக், டிஸ்ப்ளே கேபிள் நான்கையும் சோதிக்க வேண்டும்” என்று எழுதுங்கள். ஹாஸ்டல் ரூமில் மட்டும்தான் இப்படி ஆகிறதா, வீட்டிலும் ஆகிறதா என்றும் கவனியுங்கள்.

அடுத்தது காகிதம். இதில்தான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறார்கள். கம்பெனியைப் பொறுத்தவரை கேஸ் நம்பர், அதாவது புகார் எண், இல்லாத பழுது நடக்கவே இல்லை. போனில் “பவர் பட்டனை முப்பது விநாடி அழுத்திப் பிடிங்க” என்பார்கள், நீங்கள் அழுத்துவீர்கள், ஆன் ஆகிவிடும், நன்றி சொல்லி வைத்துவிடுவீர்கள். அந்த முறை கணக்கிலேயே வராது. ஒவ்வொரு முறையும் கேஸ் நம்பர் வாங்குங்கள். போனில் பேசியதை அன்றைக்கே இரண்டு வரி மெயிலாக அனுப்பிவிடுங்கள். ஜாப் ஷீட்டில் (சர்வீஸில் பழுதை எழுதிக் கையெழுத்து வாங்கும் தாள்) ‘நோ பவர்’ என்று மட்டும் எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். “சார்ஜரில் இருக்கும்போது, அரை மணி நேரப் பயன்பாட்டுக்குப் பின் தானாக அணைகிறது, ஒரு மணி நேரம் கழித்துத்தான் ஆன் ஆகிறது” என்கிற மாதிரி அறிகுறியை எழுதச் சொல்லுங்கள். விட்டுவிட்டு வரும் பழுது அவர்கள் சோதிக்கும் மேஜையில் வராது. ‘சோதித்தோம், பழுது இல்லை’ என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அதனால் செல்போனில் வீடியோ எடுத்து வையுங்கள்.

இத்தனை முறை ரிப்பேர் ஆனால் புதிது தரவேண்டும் என்று இந்தியாவில் எண்ணிக்கை சொல்லும் சட்டம் கிடையாது. கம்பெனிகள் தங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்திருக்கும், ஆனால் கவுன்டரில் இருக்கும் பெண்ணிடம் அந்த அதிகாரம் இல்லை. அவரிடம் கத்திப் பயனில்லை, பாவம் அவர். தேதி, கேஸ் நம்பர், மாற்றிய பாகம் என்று வரிசையாக எழுதி, கடைசியில் “மாற்று லேப்டாப் அல்லது பணம் திரும்ப வேண்டும், முடியாது என்றால் காரணத்தை எழுத்தில் தரவும்” என்று மேலதிகாரிகளுக்கு எஸ்கலேஷன் மெயில் போடுங்கள். மாற்று தர ஒப்புக்கொண்டால், அது புதிதா ரீஃபர்பிஷ்டா (பழையதைச் சரி செய்து தருவதா), அதற்கு வாரண்டி எது வரை என்பதையும் எழுத்தில் வாங்கிய பிறகுதான் பழையதைக் கையைவிட்டுக் கொடுக்க வேண்டும்.

ஐடி ஊழியர், சென்னை: எனக்கு மாற்றிப் போட்ட போர்டில் சால்டர் செய்த தடம் தெரிகிறது. பழைய போர்டைப் போடலாமா? இது ஏமாற்று இல்லையா?

வாரண்டி நிபந்தனையைத் தேடிப் படியுங்கள். பெரும்பாலும் ‘புதிய அல்லது புதியதற்கு இணையான பாகம்’ என்று ஒரு வரி இருக்கும். அதன்படி ரிப்பேர் செய்த போர்டு போடுவது அவர்கள் உரிமை. என் கோபம் வேறு இடத்தில். உங்களிடமிருந்து கழற்றிய போர்டு பழுது பார்க்கும் இடத்துக்குப் போகும். அங்கே விட்டுவிட்டு வரும் பழுது தெரியாமல் பாஸ் ஆகி, இன்னொருவர் லேப்டாப்புக்குள் போகும்.

போர்டு புதிதாகவே இருந்தாலும் டிசைனே தப்பு என்றால் எத்தனை மாற்றியும் பயன் இல்லை. 2008 ஜூலையில் என்விடியா, தன் லேப்டாப் கிராபிக்ஸ் சிப்புகளை உறைபோலப் பொதிந்திருக்கும் பேக்கேஜிங் பொருளில் பலவீனம் இருப்பதை ஒப்புக்கொண்டு, வாரண்டிச் செலவுக்காக 15 முதல் 20 கோடி டாலர் ஒதுக்குவதாக அறிவித்தது. சிப்பு சூடாகி ஆறும் ஒவ்வொரு முறையும் உள்ளே இருக்கும் நுண்ணிய சால்டர் இணைப்புகள் கொஞ்சம் கொஞ்சமாக விரிசல் விட்டன. டெல், எச்பி, ஆப்பிள் எல்லாருடைய லேப்டாப்பிலும் அந்தச் சிப்புகள் இருந்தன. டெல்லும் எச்பியும் ஃபேனை அதிக நேரம் ஓடவிடும் பயாஸ் (போர்டிலேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் கொடுத்தன. சாவு தள்ளிப்போனது, அவ்வளவுதான். போர்டை மாற்றினால் புதுப் போர்டிலும் அதே ரகச் சிப்பு. இப்படி அகப்பட்டவர்களுக்குத்தான் ‘மறுபடி மறுபடி போர்டு போகிறது’ என்பதன் அர்த்தம் முழுசாகத் தெரியும்.

அதனால் உங்கள் மாடலுக்கு ஏதாவது சிறப்புச் சர்வீஸ் திட்டம் அறிவித்திருக்கிறார்களா என்று கம்பெனியின் தளத்தில் பாருங்கள். 2011 மேக்புக் ப்ரோவின் கிராபிக்ஸ் பழுதுக்கு ஆப்பிள் 2015இல்தான் திட்டம் கொண்டுவந்தது. ஆப்பிளின் பட்டர்ஃபிளை ரகக் கீபோர்டுக்கு 2018இல் வந்த திட்டம், வாங்கிய நாளிலிருந்து நான்கு வருடம் வரை இலவச ரிப்பேர் தந்தது. இரண்டிலும், முன்பே காசு கொடுத்து ரிப்பேர் செய்தவர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்க வழி இருந்தது. பில்லை வைத்திருந்தவர்களுக்குத்தான் அது லாபம்.

பள்ளி ஆசிரியை, மதுரை: திறக்கும்போது ‘டக்’ என்று சத்தம், ஹிஞ்சு பக்கம் பிளாஸ்டிக் பிளந்துவிட்டது. கீழே போடவே இல்லை சார். ‘ஃபிசிகல் டேமேஜ், வாரண்டி இல்லை’ என்கிறார்கள்.

இது நிறையப் பேருக்கு நடக்கிறது டீச்சர். விலை குறைந்த மாடல்களில் ஹிஞ்சின் ஸ்க்ரூக்கள், பிளாஸ்டிக்கில் பதித்த சின்னப் பித்தளை நட்டுகளில் பிடித்திருக்கும். நாளாக நாளாக ஹிஞ்சு இறுகும், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அந்த நட்டை இழுக்கும், ஒரு நாள் பிளாஸ்டிக்கோடு பிய்ந்து வந்துவிடும். வெளியே அடிபட்ட தடமே இல்லாமல் உள்ளிருந்து பிளந்திருந்தால் அதைச் சொல்லியே வாதாடலாம். நான்கு மூலையையும் வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள், கீறலோ நசுங்கலோ இல்லை என்று தெரியட்டும். “விழுந்த தடம் எங்கே என்று காட்டி எழுதித் தாருங்கள்” என்று கேளுங்கள். சிலருக்கு இதிலேயே வேலை முடிந்திருக்கிறது, எல்லாருக்கும் முடியும் என்று சொல்ல மாட்டேன்.

மற்றவர்களுக்கு: திறக்கும்போது இறுக்கமாகத் தெரிந்தால், உடைவதற்கு முன்பே புகார் பதியுங்கள். உடைந்த பிறகு உங்கள் வார்த்தைக்கும் அவர்கள் வார்த்தைக்கும்தான் போட்டி. மூலையைப் பிடித்துத் திறக்காமல் நடுவில் பிடித்துத் திறங்கள்.

வங்கி ஊழியர், தூத்துக்குடி: தண்ணீர் படவே இல்லை, ஆனால் ‘லிக்விட் டேமேஜ்’ என்று சொல்லி பெரிய தொகைக்கு எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள்.

எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போடும் முன், போர்டில் எந்த இடத்தில் கறை இருக்கிறது என்று போட்டோ கேளுங்கள், லேப்டாப்பின் சீரியல் நம்பரும் தெரியும்படி. உள்ளே ஒட்டியிருக்கும் சின்ன வெள்ளை ஸ்டிக்கர் சிவந்திருப்பதைக் காட்டுகிறார்களா, பாகங்களின் காலில் பச்சை பூத்திருப்பதைக் காட்டுகிறார்களா என்று பாருங்கள். போட்டோ தர மறுத்தால் மறுத்ததையே மெயிலில் பதிவு செய்யுங்கள். காபியோ மழையோ பட்டது உண்மை என்றால் வீண் சண்டை வேண்டாம். சாதாரண வாரண்டி அதற்கு இல்லை. தனியாகக் காசு கட்டி எடுக்கும் ‘ஆக்சிடென்டல் டேமேஜ்’ திட்டம் இருந்தால்தான் உண்டு.

இல்லத்தரசி, திருநெல்வேலி: மகன் லேப்டாப்பைத் தொட்டால் விறுவிறு என்கிறது. சர்வீஸில் ‘நார்மல்தான்’ என்கிறார்கள். நம்பலாமா?

பாதி நம்பலாம் அம்மா. சார்ஜருக்குள் மின் இரைச்சலைக் குறைக்க ஒரு சின்னக் கெப்பாசிட்டர் இருக்கும், அதன் வழியாக மிக மிகக் குறைந்த மின்சாரம் மெட்டல் பாடிக்கு வரும். மூன்று பின் சார்ஜராக இருந்து, வீட்டில் எர்த்து சரியாக இருந்தால் அது பூமிக்குப் போய்விடும். மூன்று பின்னை இரண்டு பின் கன்வர்ட்டரில் செருகியிருக்கிறீர்களா பாருங்கள். அதைத் தூக்கிப் போடுங்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். நல்ல எர்த்தில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. விறுவிறுப்பு இல்லை, நிஜமான ஷாக்கே அடிக்கிறது என்றால் அந்தச் சார்ஜரை உடனே நிறுத்துங்கள். ஸ்டெபிலைசர் வாங்க வேண்டாம். லேப்டாப் சார்ஜர் பொதுவாக 100 முதல் 240 வோல்ட் வரை தானே சமாளித்துக்கொள்ளும்.

ஆய்வு மாணவி, புதுச்சேரி: போர்டு மாற்றிய பிறகு விண்டோஸ் ஏதோ 48 இலக்க எண் கேட்கிறது. தீசிஸ் எல்லாம் உள்ளே இருக்கிறது!

பதறாதீர்கள். அது பிட்லாக்கர், டிஸ்க்கில் இருப்பதைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. உங்கள் டிஸ்க்கின் பூட்டுக்கான சாவி பழைய போர்டோடு போய்விட்டது, அதனால் மாற்றுச் சாவி கேட்கிறது. விண்டோஸைத் தொடங்கும்போது கொடுத்த மைக்ரோசாஃப்ட் கணக்கில், வேறு கம்ப்யூட்டரிலோ போனிலோ நுழைந்து பாருங்கள். ரிகவரி கீ அங்கே சேமிக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். கல்லூரிக் கணக்கில் நுழைந்திருந்தால் அங்கே கேளுங்கள். அது கிடைக்கும் வரை, “ஃபார்மட் பண்ணித் தரோம் மேடம்” என்று யார் சொன்னாலும் தலையாட்டாதீர்கள்.

லேப்டாப்பைக் கொடுக்கும் முன் எல்லாரும் இந்தக் கீயை எழுதி வையுங்கள். பேக்கப் எடுங்கள், டேட்டாவுக்குப் பொறுப்பில்லை என்று ஜாப் ஷீட்டிலேயே அச்சடித்திருக்கும். பாஸ்வேர்டு கேட்டால் உங்களுடையதைத் தராமல் தனியாக ஒரு கணக்கு உருவாக்கிக் கொடுங்கள். போர்டு மாற்றித் திரும்பி வந்ததும் பயாஸில் சீரியல் நம்பர் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். புதுப் போர்டில் அதை ஏற்ற மறந்துவிடுவது உண்டு. அடுத்த முறை புகார் பதியப் போனால் உங்கள் லேப்டாப்பையே கம்பெனி அடையாளம் தெரியாமல் விழிக்கும்.

டிடிபி கடைக்காரர், ஈரோடு: எஸ்கலேஷன் எல்லாம் ஆகிவிட்டது. பதில் இல்லை. கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போகலாமா? கடைக்கு வாங்கியது செல்லாது என்கிறார்கள்.

வியாபாரத்துக்கு வாங்கிய பொருளுக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது என்பது சரி. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துவது அதில் சேராது என்று சட்டமே சொல்கிறது. நீங்களே உட்கார்ந்து வேலை பார்க்கும் ஒற்றை லேப்டாப் என்றால் தாராளமாகப் போகலாம். சுயதொழில் செய்து பிழைக்க வாங்கியது என்ற வரியைப் புகாரில் மறக்காமல் எழுதுங்கள்.

முதலில் 1915க்கு அழையுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண். அவர்கள் கம்பெனிக்கு அனுப்பிப் பேசிப் பார்ப்பார்கள். உத்தரவு போடும் அதிகாரம் இல்லைதான், ஆனாலும் மெயிலுக்கு அசையாத சில இடங்கள் இதற்கு அசைவதைப் பார்த்திருக்கிறேன். அதுவும் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், கம்பெனி பெங்களூரில் இருந்தாலும் சரி. 5 லட்சம் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். விற்ற கடை, கம்பெனி, சர்வீஸ் சென்டர் மூன்றையும் சேருங்கள், இல்லாவிட்டால் ஒருவர் மேல் ஒருவர் கைகாட்டுவார்கள்.

கோளாறை நிரூபிக்க ஆணையம் லேப்டாப்பைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பலாம், அதற்கான கட்டணத்தை உங்களைக் கட்டச் சொல்லலாம். அதனால் வழக்கு முடியும் வரை அதை விற்காதீர்கள், வெளிக்கடையில் பிரிக்கவும் விடாதீர்கள். பரிசோதனை தேவைப்பட்டால் 5 மாதம், இல்லாவிட்டால் 3 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. நடைமுறையில் அதற்கு மேலும் இழுக்கும். தொழிலுக்கு வேறு லேப்டாப் ஏற்பாடு செய்துகொண்டு போங்கள்.

சிங்கப்பூரில் வேலை செய்பவர்: தஞ்சாவூரில் படிக்கும் தங்கைக்காக இங்கே லேப்டாப் வாங்கி அனுப்பினேன். மூன்றே மாதத்தில் ஸ்கிரீன் போய்விட்டது. இந்தியாவில் வாரண்டி இல்லையாம்.

அந்த மாடலுக்கு சர்வதேச வாரண்டி உண்டா என்று சீரியல் நம்பர் போட்டுப் பாருங்கள். பல மாடல்களுக்கு வாங்கிய நாட்டில் மட்டும்தான். ஆனால் சிங்கப்பூரில் 2012 செப்டம்பரிலிருந்து ‘லெமன் லா’ என்ற, குறையுள்ள பொருளை வாங்கியவர்களுக்கான சட்டம் இருக்கிறது. பொருள் கைக்கு வந்த 6 மாதத்துக்குள் தெரியும் குறை, வாங்கும்போதே இருந்ததாகத்தான் கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரர் பொறுப்பு. லேப்டாப்பை யாரிடமாவது கொடுத்து அங்கே வரவழைத்து, 6 மாதம் முடியும் முன் விற்ற கடையில் கேளுங்கள்.

டெலிவரி ஊழியர், வேலூர்: டச்பேட் மேலே எழும்பி வருகிறது. வாரண்டி இன்னும் இருக்கிறது. அடுத்த மாதம் போனால் போதுமா?

போதாது. பேட்டரி உப்பியிருக்கிறது. இன்றைக்கே சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள், அமுக்கி மூடாதீர்கள், குத்தாதீர்கள், கூரியரில் அனுப்பாதீர்கள். நேரில் எடுத்துப் போங்கள். லேப்டாப்புக்கு மூன்று வருட வாரண்டி என்றாலும் பேட்டரிக்குப் பல இடங்களில் ஒரு வருடம்தான், பில் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயர் சொல்ல விரும்பாதவர்: வாரண்டி முடிந்துவிட்டது. சென்னை எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெருவில் ஒருவர் சிப்பைச் சூடு காட்டிச் சரி செய்து தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?

சூடு காட்டினால் உயிர் வரும், சில வாரமோ சில மாதமோ ஓடும், மறுபடி போகும். உள்ளே இருக்கும் டேட்டாவை எடுக்க அந்த அவகாசம் போதும் என்றால் கொடுங்கள். நிரந்தரமாக வேண்டும் என்றால், சிப்பையே மாற்றுவாரா, மாற்றினால் எத்தனை மாதம் கியாரண்டி என்று கேளுங்கள். பில்லில் எழுதித் தர யோசித்தால் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்கு நடங்கள், அந்தத் தெருவில் கடைக்கா பஞ்சம்.