பி.டி.கியூ-39: அப்பாவின் புள்ளி 31இலிருந்து 42 ஆனது முன்னேற்றமா?

இல்லை, 42 என்றால் நிலைமை மோசமாகியிருக்கிறது. பி.டி.கியூ-39 என்பது பார்க்கின்சன் நோய் ஒருவரின் அன்றாட வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கிறது என்று கேட்கும் படிவம். இதில் 0 நல்லது, 100 மிக மோசம். பள்ளிக்கூடப் புள்ளிக்கு நேர்மாறு.

நடுக்கம் குறைந்தும் புள்ளி ஏறலாம். 39 கேள்விகளில் நடுக்கத்தை நேராகக் கேட்பது ஒன்றுமே இல்லை. பொத்தான் பூட்ட முடிகிறதா, தேத்தண்ணி சிந்தாமல் பிடிக்கிறாரா, ஆட்கள் முன்னால் சாப்பிடக் கூசுகிறாரா என்றுதான் கேட்கும். நல்லூர்த் தேருக்கும் கலியாண வீட்டுக்கும் வரமாட்டேன் என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, புள்ளி ஏறியது அந்தக் கூச்சத்தாலோ என்றுதான் என் சந்தேகம்.

படிவத்தின் கேள்விகள் எட்டுப் பிரிவுகளாக இருக்கும்; ஒவ்வொன்றின் புள்ளியையும் தனித்தனியே போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு விடைக்கும் 0 முதல் 4. பிரிவின் கூட்டுத்தொகையை, கேள்விகளின் எண்ணிக்கையை 4ஆல் பெருக்கி வருவதால் வகுத்து, 100ஆல் பெருக்குங்கள். எட்டின் சராசரிதான் அந்த 42. நடமாட்டத்துக்கு 10 கேள்வி, உடல் உபாதைக்கு 3தான். சராசரியில் இரண்டுக்கும் ஒரே எடை! தசைப்பிடிப்பும் மூட்டு நோவும் கூடினாலே மொத்தம் சட்டென்று ஏறும்.

அப்புறம், துணையின் ஆதரவு பற்றிய கேள்வி. அம்மா இல்லாதபடியால் அதை விட்டுவிட்டு, அது உள்ள பிரிவை மீதி 2 கேள்விக்கே கணக்கிடவேண்டும்.

முதல்தடவை நீங்கள் நிரப்பி, இந்தமுறை அப்பாவே நிரப்பியிருந்தால் இரண்டையும் ஒப்பிட ஏலாது. படிவம் கேட்பது கடந்த ஒரு மாதத்தை. மருந்து மாற்றி இரண்டு கிழமைதான் என்றால் பழைய நாட்களும் அதில் கலந்திருக்கும். புள்ளியைப் பார்த்து மருந்தைக் கூட்டிக் குறைக்காதீர்கள். பிரிவுவாரிக் கணக்கை அடுத்த கிளினிக்குக்குக் கொண்டுபோய் டொக்டரிடம் காட்டுங்கள்.