வாசகர் கேள்வி – பதில்: டிசம்பர் 25, எத்தனை நாள்?

கே: எங்கள் பள்ளியில் 'இன்றைய நாள்' பலகை எழுதுவது என் வேலை. டிசம்பர் 25-க்குத் தேடினால் பக்கம் பக்கமாக வருகிறது. கிறிஸ்துமஸ் தவிர எதை எழுதலாம்? (ஆசிரியை, கும்பகோணம்)

ப: அன்றைக்குப் பெரும்பாலும் அரையாண்டு விடுமுறை. பலகையைப் படிக்க ஆள் இருக்காது என்பதால் விடுமுறைக்கு முந்தைய நாளே எழுதிவிடுங்கள். ஆறு வரிக்கு மேல் போனால் பிள்ளைகள் நின்று படிக்க மாட்டார்கள்.

முதலில் நம் பக்கத்துச் செய்திகள். 1968-இல் இதே நாள் இரவு கீழ்வெண்மணியில் கூலித் தகராறின் முடிவில் 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். 'வாழ்த்துகள்' என்று எழுதிய வரிக்குக் கீழே இதை ஒட்டி எழுதாதீர்கள், தனியாகக் கோடு போட்டு எழுதுங்கள். 1972-இல் ராஜாஜி மறைந்தார், வயது 94. பெரியார் மறைந்தது 1973 டிசம்பர் 24. இந்த இரண்டு தேதிகளையும் மாற்றி எழுதுவது அடிக்கடி நடக்கிறது.

1927-இல் மகாராஷ்டிரத்தின் மகாடில் அம்பேத்கர் தலைமையில் மனுஸ்மிருதியை எரித்ததும் இந்த நாளில்தான். அதே ஊரில் சவுதார் குளத்துத் தண்ணீரை எடுத்துக் குடித்த போராட்டம் அந்த ஆண்டு மார்ச் 20-இல் நடந்தது. பல பட்டியல்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றன. பிறந்தவர்கள் வரிசையில் மதன் மோகன் மாளவியா (1861), வாஜ்பாய் (1924). ஒரு வரி மீதமிருந்தால் சாப்ளின் மறைவு (1977).

கே: நியூட்டன் பிறந்தது 1642 டிசம்பர் 25 என்று ஒரு புத்தகம், 1643 ஜனவரி 4 என்று இன்னொன்று. எது தப்பு? (கல்லூரி மாணவர், நெல்லை)

ப: இரண்டும் சரி. அன்றைக்கு இங்கிலாந்து பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தது. இத்தாலி போன்ற நாடுகள் 1582-லேயே புதிய கிரிகோரியனுக்கு மாறிவிட்டன. இடைவெளி அப்போது 10 நாள். 25-உடன் 10 கூட்டினால் 35. டிசம்பருக்கு 31 போக மீதி 4, அதாவது ஜனவரி 4. ஆண்டும் ஒன்று கூடிவிடுகிறது.

இந்த இடைவெளி எப்போதும் பத்தாகவே இருக்காது. 1700 மார்ச்சிலிருந்து 11, 1800 மார்ச்சிலிருந்து 12, 1900 மார்ச்சிலிருந்து 13. எல்லாவற்றுக்கும் 13 கூட்டுவதுதான் வழக்கமான பிழை. இங்கிலாந்து 1752-இல் மாறியபோது செப்டம்பர் 2-க்கு மறுநாள் 14 ஆனது. அதற்கு முன் அங்கே சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25. ஆகவே ஜனவரி, பிப்ரவரித் தேதிகளில் ஆண்டையும் ஒருமுறை சரிபாருங்கள்.

'கலிலியோ மறைந்த ஆண்டில் நியூட்டன் பிறந்தார்' என்ற வாக்கியத்தைப் பலகையில் ஏற்ற வேண்டாம். கலிலியோ மறைந்தது புதிய கணக்கில் 1642 ஜனவரி 8. இருவருக்கும் புதிய கணக்கையே வைத்தால் நியூட்டனுக்கு 1643, பழையதை வைத்தால் கலிலியோவுக்கு 1641. ஒருவருக்கு ஒரு நாட்காட்டி, மற்றவருக்கு வேறொன்று என்று வைத்தால்தான் அந்த வாக்கியம் நிற்கும்.

கே: ரஷ்யாவில் ஜனவரி 7-இல் கிறிஸ்துமஸ் ஏன்? (வாசகர், தூத்துக்குடி)

ப: அவர்களுக்கும் டிசம்பர் 25-தான். ரஷ்யத் திருச்சபை ஜூலியனை விடவில்லை. 13 கூட்டிப் பாருங்கள், ஜனவரி 7 வரும். 2100-இல் இடைவெளி 14 ஆகும். எனவே 2101-இலிருந்து ஜனவரி 8. உக்ரைன் 2023-இல் சட்டம் போட்டு அரசு விடுமுறையை டிசம்பர் 25-க்குக் கொண்டுவந்துவிட்டது. ஆர்மீனியத் திருச்சபை கொண்டாடும் ஜனவரி 6 வேறு மரபு, அதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

கே: ஜின்னாவின் பிறந்தநாள் பள்ளிப் பதிவேட்டில் வேறாக இருக்கிறதாமே? (வாசகர், வேலூர்)

ப: ஆமாம். கராச்சிப் பள்ளிப் பதிவேட்டில் இருப்பது 1875 அக்டோபர் 20. பாகிஸ்தான் அரசு விடுமுறை விட்டுக் கொண்டாடுவது 1876 டிசம்பர் 25-ஐ. பள்ளியில் சேர்க்கும்போது ஏதோ ஒரு தேதியைச் சொல்லிவிடும் பழக்கம் நமக்குத் தெரியாததா என்ன! இப்படி வரும் இடத்தில் கொண்டாடப்படும் தேதியை எழுதுங்கள், 'பிறந்தநாளாகக் கொண்டாடப்படுகிறது' என்ற சொற்களோடு.

கே: சோவியத் யூனியன் முடிந்தது 25-ஆ, 26-ஆ? (வாசகர், மதுரை)

ப: என்ன நடந்தது என்று எழுதினால் குழப்பமே வராது. 1991 டிசம்பர் 25 மாலை கோர்பசேவ் தொலைக்காட்சியில் பதவி விலகினார், கிரெம்ளினில் செங்கொடி இறங்கியது. நாடாளுமன்ற மேலவை கலைப்பை அறிவித்தது 26-இல். 'முடிந்தது' என்ற சொல்தான் சிக்கல்.

கே: சுனாமி 26-ஆம் தேதிதானே? ஓர் அமெரிக்கப் பட்டியலில் 25 என்று பார்த்தேன். (வாசகர், கடலூர்)

ப: சுமத்ரா அருகே நிலம் அதிர்ந்தபோது நம் நேரம் 2004 டிசம்பர் 26 காலை 6:28. அப்போது நியூயார்க்கில் 25 இரவு 7:58. நிகழ்ந்த இடத்தின் தேதியையே எடுங்கள், இங்கே அது 26.

கே: பழைய தேதிக்குக் கிழமை பார்க்க எளிய வழி? (மாணவி, சேலம்)

ப: 1901 முதல் 2099 வரை 28 ஆண்டுக்கு ஒருமுறை கிழமைகள் அப்படியே திரும்பும். கீழ்வெண்மணி 1968. 28 கூட்டினால் 1996, இன்னொரு 28 கூட்டினால் 2024. கைபேசி நாட்காட்டியில் 2024 டிசம்பர் 25-ஐத் திறங்கள்: புதன். 1968-லும் புதன். ராஜாஜி மறைந்த 1972-க்கு 2000-ஐப் பாருங்கள்: திங்கள். செய்தித்தாளின் பழைய பிரதியில் தேதியும் கிழமையும் ஒத்துப்போகவில்லை என்றால், அச்சுப்பிழையா என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

1900-ஐத் தாண்டிப் பின்னே போகும்போது இது உதவாது. 4-ஆல் வகுபட்டும் 1900-க்கு பிப்ரவரி 29 கிடையாது.