வேலையா, ஓராண்டுப் பயணமா: எது முதலில் காலாவதியாகும்?

கேள்வி: நாகர்கோவில் அருகே பொறியியல் படிப்பை இப்போதுதான் முடித்திருக்கிறேன். வயது 21. கேம்பஸ் தேர்வில் ஓர் ஐ.டி. நிறுவனம் ஆண்டுக்கு 3.6 லட்சம் ரூபாய் சம்பளத்தில் என்னை எடுத்திருக்கிறது. எனக்கோ ஓராண்டு ஊர் சுற்ற ஆசை: வடகிழக்கு, லடாக், முடிந்தால் ஐரோப்பா. கையில் 40,000 ரூபாய் சேமிப்பு. தலையில் 3 லட்சம் கல்விக் கடன். இப்போது விட்டால் இந்த வேலை கிடைக்காது என்கிறார் அப்பா. வேலையில் சேர்ந்துவிட்டால் பயணம் அவ்வளவுதான் என்கிறார்கள் தோழிகள். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: வேலையை ஒப்புக்கொள்ளுங்கள். சேரும் தேதிக்கு முன் ஒரு மாதம் பயணமும் போய்விட்டு வாருங்கள். நீண்ட பயணத்தை இரண்டு ஆண்டு தள்ளிப்போடுங்கள்.

இரண்டு வாய்ப்புகளில் எது சீக்கிரம் காலாவதியாகும் என்று முதலில் பார்க்க வேண்டும். நம் ஐ.டி. நிறுவனங்கள் புதியவர்களை, படித்து முடித்த ஆண்டை வைத்தே எடுக்கின்றன. கேம்பஸுக்கு வெளியே வரும் அறிவிப்புகளிலும் ‘இந்த ஆண்டு முடித்தவர்கள் மட்டும்’ என்ற வரி பெரும்பாலும் இருக்கும். ஓராண்டு கழித்துத் திரும்பினால் நீங்கள் ஃபிரெஷரும் அல்ல, அனுபவம் உள்ளவரும் அல்ல. இது நியாயமான ஏற்பாடு என்று நான் சொல்லவில்லை, நடைமுறை இதுதான். இரண்டு ஆண்டு வேலை பார்த்தவர் ஆறு மாத இடைவெளி எடுத்தால், நேர்காணலில் ஒரு கேள்வி வரும், பதில் சொல்லிவிட்டு மேலே போய்விடலாம்.

பயணத்துக்கு அவ்வளவு குறுகிய கெடு இல்லை. இந்தியர்களுக்கு ஆஸ்திரேலியா 2024-இல் திறந்துவிட்ட ‘வொர்க் அண்ட் ஹாலிடே’ (சுற்றிக்கொண்டே வேலையும் பார்க்கும்) விசாவுக்கு வயது வரம்பு 18 முதல் 30. பிரிட்டனின் ‘யங் புரொஃபஷனல்ஸ்’ திட்டத்துக்கும் அப்படியே. அதில் இரண்டு ஆண்டு தங்கி வேலையும் பார்க்கலாம். இரண்டுக்கும் குலுக்கல் முறையில்தான் ஆள் எடுப்பார்கள். ஆஸ்திரேலியாவுக்கு ஆண்டுக்கு 1,000 இடங்கள் மட்டும், போட்டி கடுமை. ஆனாலும் உங்களுக்கு இன்னும் ஒன்பது ஆண்டு இருக்கிறது.

ஐரோப்பாவைப் பொறுத்தவரை வேலைதான் உங்களுக்கு வழி திறக்கும். ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா விண்ணப்பத்தில் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு அறிக்கை, வருமான வரிக் கணக்கு, நிறுவனம் தரும் விடுப்புக் கடிதம் எல்லாம் கேட்பார்கள். ஊர் திரும்புவீர்கள் என்று தூதரகம் நம்ப வேண்டும். வேலை இல்லாத, திருமணம் ஆகாத, 40,000 ரூபாய் இருப்புள்ள 21 வயதுப் பட்டதாரியின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட எல்லா வாய்ப்பும் உண்டு. தோழிகள் இந்தப் பக்கத்தை யோசித்திருக்க மாட்டார்கள்.

அடுத்தது கடன். படிப்பு முடிந்து பொதுவாக ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டியதில்லை. வட்டி மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும். அதாவது ஓராண்டு சுற்றிவிட்டு நீங்கள் வெறுங்கையோடு வீடு திரும்பும் அதே மாதத்தில் முதல் தவணை வந்து நிற்கும். கடனில் அப்பாவும் கையெழுத்துப் போட்டிருப்பார். தவணை தவறினால் அவருடைய சிபில் மதிப்பெண்ணும் (கடன் தர வங்கிகள் பார்க்கும் மதிப்பெண்) சேர்ந்தே விழும்.

3.6 லட்சம் என்றால் பிடித்தங்கள் போக மாதம் சுமார் 25,000 கைக்கு வரும். விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் 10,000, கடன் தவணை பத்தாண்டுக்குப் பிரித்தால் 4,000 முதல் 5,000 வரை, கைச்செலவு 4,000, வீட்டுக்குக் கொஞ்சம் என்று வைத்தாலும் மாதம் 4,000 ஒதுக்கலாம். இரண்டு ஆண்டில் ஏறக்குறைய ஒரு லட்சம். ஐரோப்பாவுக்குப் போதாது. ஸ்லீப்பர் வகுப்பும் டார்மிட்டரியுமாக இந்தியாவுக்குள் மூன்று மாதம் சுற்றப் போதும்.

எந்த நிலையில் வேலையை மறுக்கச் சொல்வேன்? அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், அல்லது பயிற்சிக்கு முன்பணம் கேட்கிறார்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், விட்டுவிடுங்கள். பாண்ட் (இத்தனை ஆண்டுக்குள் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தம்) இருந்தால் ஒவ்வொரு வரியையும் படியுங்கள். ‘பாண்ட் எல்லாம் சட்டப்படி செல்லாது’ என்று சீனியர்கள் சொல்வதை அப்படியே நம்பக் கூடாது. மூன்று ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று ஒரு பொதுத்துறை வங்கி விதித்திருந்த நிபந்தனை செல்லும் என்றே 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாண்ட் காலம் மூன்று ஆண்டு என்றால் உங்கள் பயணத் தேதியும் அதற்கேற்பத் தள்ளும். அதைத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள். விலகும்போதும் முறையாக விலகுங்கள். ஐ.டி. துறையில் நோட்டீஸ் காலம், அதாவது விலகுவதாகச் சொன்ன பிறகும் வேலை பார்க்க வேண்டிய காலம், பல இடங்களில் 90 நாள். சொல்லாமல் நின்றுவிட்டால் முறைப்படி விடுவித்ததாக நிறுவனம் தரும் ரிலீவிங் லெட்டர் கிடைக்காது. அது இல்லாமல் அடுத்த நிறுவனத்தில் சேர்வது பெரும்பாடு.

இனி அந்த ஒரு மாதம். சேரும் தேதியை நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். 2022-இல் தேர்வானவர்களில் சிலரை நிறுவனங்கள் இரண்டு ஆண்டு வரை காக்க வைத்தது செய்தியானது. உங்கள் தேதியும் தள்ளிப்போகலாம். ஜூலை, ஆகஸ்டில் சேரச் சொன்னால் அதற்கு முன் லடாக் போகலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே பருவம். அக்டோபருக்குப் பிறகு என்றால் வடகிழக்கு. மழைக்காலத்தில் அஸ்ஸாம் பக்கம் வெள்ளம், அப்போது வேண்டாம். உங்கள் ஊரிலேயே ஏறி அஸ்ஸாமின் திப்ருகரில் இறங்கலாம்: கன்னியாகுமரியில் கிளம்பும் விவேக் எக்ஸ்பிரஸ் 4,000 கிலோமீட்டருக்கு மேல், மூன்று நாளுக்கு மேல் ஓடுகிறது. நீண்ட பயணம் உங்களுக்கு உண்மையிலேயே பிடிக்குமா, ரீல்ஸில் பார்க்கத்தான் பிடிக்குமா என்பது விஜயவாடா தாண்டுவதற்குள் தெரிந்துவிடும். அருணாசலம், நாகாலாந்து, மிசோரம், மணிப்பூர் போக இன்னர் லைன் பெர்மிட் (வெளி மாநிலத்தவருக்கான நுழைவு அனுமதி) வேண்டும். மேகாலயாவுக்கும் அஸ்ஸாமுக்கும் வேண்டாம்.

பெண் பிள்ளை தனியாகவா என்ற பேச்சு வீட்டில் எழும். கையில் ஆஃபர் லெட்டரும் திரும்பும் டிக்கெட்டும் இருந்தால் அந்தப் பேச்சு பாதியில் நின்றுவிடுவதைப் பல குடும்பங்களில் பார்த்திருக்கிறேன்.

40,000-ஐயும் செலவழித்துவிடாதீர்கள். விடுதி முன்பணம், முதல் மாதச் சாப்பாடு எல்லாம் முதல் சம்பளத்துக்கு முன்பே வரும் செலவுகள். 15,000-ஐத் தொடாமல் வையுங்கள். பாஸ்போர்ட்டுக்கு இப்போதே, சொந்த ஊர் முகவரியில் விண்ணப்பியுங்கள். வேறு நகரத்து விடுதி முகவரியில் போலீஸ் சரிபார்ப்பு இழுத்தடிக்கும். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கும். ஆகவே சேரும் தேதி கைக்கு வந்த அன்றே திரும்பும் டிக்கெட்டை முதலில் பாருங்கள்.