‘ஃப்ராடு’ என்ற சொல்லுக்குச் சரியான பொருள் என்ன? யாரை அப்படிச் சொல்லலாம்?

மோசடி. ஒரே சொல்லில் கேட்டால் இதுதான் பதில். ஆனால் பணம் வராமல் போன இடத்திலெல்லாம் இந்தச் சொல்லைப் போட்டுவிட முடியாது.

நான் நீதிமன்ற வாசலில் மனு தட்டச்சு செய்கிறவன். “ஃப்ராடு பண்ணிட்டான்னு போடுங்க சார்” என்பது தினமும் காதில் விழும். உடனே தட்டிவிட மாட்டேன். “வாங்கும்போதே திருப்பித் தரக்கூடாதுன்னு நெனச்சு வாங்கினாரா?” என்று கேட்பேன். ஒருவர் யோசித்துவிட்டு, “இல்ல சார், கடை நொடிச்சுப் போச்சு, அதான் கொடுக்க முடியல” என்றார். அப்படியானால் அது கடன் பாக்கி. மோசடிக்கு ஆரம்பத்திலேயே கெட்ட எண்ணம் இருக்க வேண்டும். உச்ச நீதிமன்றமும் 2000-ல் ஹிருதய ரஞ்சன் பிரசாத் வர்மா வழக்கில் இதையேதான் சொன்னது.

இன்னொரு நாள் ஓர் அம்மா முந்தானையில் முடிந்து இரண்டு வளையல் கொண்டுவந்தார். தங்கம் என்று நம்பி, அதை வாங்கி வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரிக்குப் பணம் கொடுத்திருக்கிறார். உள்பக்கம் முலாம் தேய்ந்து செம்பு தெரிந்தது. கவரிங் என்று தெரிந்தேதான் அவள் கொடுத்திருக்கிறாள். இது ஃப்ராடு, சந்தேகமே இல்லை.

சரி, உண்மையைச் சொல்லாமல் மறைத்தால்? 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 17-வது பிரிவில் இதற்கு அருமையான உதாரணம் இருக்கிறது. ஏலத்தில் குதிரை விற்கிறவர் அதன் குறை தெரிந்தும் ஒன்றும் சொல்லவில்லை என்றால் அது மோசடி ஆகாது. ஆனால் வாங்குகிறவள் இப்போதுதான் மேஜரான அவருடைய மகள் என்றால், சொல்ல வேண்டியது அவர் கடமை. “நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்” என்று வாங்குகிறவர் சொன்ன பிறகும் விற்கிறவர் வாய் திறக்கவில்லையா? அந்த மௌனம் பேசியதற்குச் சமம். சட்டப் புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

அப்புறம், ஆளைச் சொல்வது. தமிழில் சின்னப் பொய் சொன்ன பிள்ளையைக்கூட “சரியான ஃப்ராடு” என்று செல்லமாகச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் ஒருவரை ஃப்ராடு என்றால், இல்லாத தகுதியை இருப்பதாகக் காட்டுகிறவர் என்று அர்த்தம். படிக்காமலே டாக்டர் போர்டு மாட்டுகிற ஆள் அப்படி. அங்கே விளையாட்டாகச் சொல்லிவிடாதீர்கள், கேட்பவருக்குச் சுருக்கென்று தைக்கும்.

‘ஃபோர் ட்வென்டி’யும் இதன் பங்காளிதான். ஏமாற்றிப் பணமோ பொருளோ பறிப்பதற்கான இந்திய தண்டனைச் சட்டத்தின் 420-வது பிரிவிலிருந்து வந்தது. 2024 ஜூலை 1 முதல் அந்தக் குற்றம், அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 318-வது பிரிவுக்குப் போய்விட்டது. மனுவில் 318(4) என்று தட்டுகிறேன். வருகிறவர்கள் இன்னும் “நானூத்தி இருபது போடுங்க” என்றுதான் கேட்கிறார்கள்.