குருத்துவத்தை விட்ட அண்ணன், தோழியோடு வாழும் தங்கை: திருமணச் சட்டம் யாருக்கு எதுவரை?

பெரம்பூர் வாசகி ஒருவரின் கேள்வி: "என் அண்ணன் கத்தோலிக்கக் குரு. பணியிலிருந்து விலகி ஓர் ஆசிரியையைத் திருமணம் செய்யப்போகிறார். பங்குக் கோவிலில் நடக்குமா, ரெஜிஸ்டர் ஆபீஸ்தானா? என் தங்கை தன் தோழியோடு வாழ்கிறாள். அவர்களுக்கும் ஏதாவது வழி உண்டா?"

சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே சபைகளில் போதகர்கள் குடும்பஸ்தர்கள்தான். மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையில் குருப்பட்டத்துக்கு முன்பே கல்யாணத்தை முடித்துவிட வேண்டும். உங்கள் அண்ணன் இருக்கும் இலத்தீன் முறைக் கத்தோலிக்கத் திருச்சபையில் குருப்பட்டமே திருமணத்துக்குத் தடை. திருச்சபைச் சட்டம் 1087 அதைச் சொல்கிறது. பணியை விட்டதால் அந்தத் தடை போகாது, ஆயர் (பிஷப்) விடுவித்தாலும் போகாது. விதிவிலக்கு தரும் அதிகாரம் திருத்தந்தைக்கு மட்டுமே உண்டு.

அதனால் அவர் முதலில் தம் மறைமாவட்ட ஆயரிடம் மனு கொடுக்க வேண்டும். துறவற சபையைச் சேர்ந்தவர் என்றால் சபைத் தலைவரிடம். வாழ்க்கைக் குறிப்பு, விலகியதற்கான காரணங்கள், அவரை அறிந்தவர்களின் சாட்சியம், ஆயரின் கருத்து எல்லாம் சேர்ந்து உரோமைக்குப் போகும். 40 வயதுக்குள் இருப்பவர்களுக்கு எளிதில் கிடைப்பதில்லை. மறைத்து வேறொரு பங்கில் திருமண ஓலை (அறிவிப்பு) வாசிக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். திருமுழுக்குப் பதிவேட்டில் அவர் பெயர் உள்ள இடத்திலேயே குருப்பட்டமும் குறிக்கப்பட்டிருக்கும். கல்யாணத்துக்காகப் புதிதாகச் சான்றிதழ் கேட்டதுமே தெரிந்துவிடும்.

நாட்டுச் சட்டத்தில் இந்தத் தடையே கிடையாது. 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி இருவரில் ஒருவராவது 30 நாள் வசித்த மாவட்டத்தில் அறிவிப்பு கொடுக்கலாம். அது அலுவலகப் பலகையில் ஒட்டப்படும். 30 நாளுக்குள் ஆட்சேபம் வரலாம். அப்படி வரும் ஆட்சேபம் வயது, உயிரோடிருக்கும் துணை, மனநலம், தடுக்கப்பட்ட உறவுமுறை போன்ற 4-ஆம் பிரிவுக் காரணங்களில் ஒன்றாக இருந்தால்தான் செல்லும். 'இவர் சாமியார்' என்பது அந்தப் பட்டியலில் இல்லை. பயப்படாமல் இருக்க அவருக்கு இதை அழுத்திச் சொல்லுங்கள். அறிவிப்பு கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள், மூன்று சாட்சிகளோடு முடிக்க வேண்டும். தவறினால் மறுபடி முதலிலிருந்து.

சிக்கல் வருவது முகவரியில். அண்ணனின் ஆதாரில் இன்னும் பங்கு இல்லத்து முகவரி இருக்கும். முதலில் அதை மாற்றட்டும். நிரந்தர முகவரி வேறு மாவட்டம் என்றால் அறிவிப்பின் நகல் அங்கும் ஒட்டப்படும், ஊருக்குத் தெரியும். வீட்டில் முன்பே பேசிவிடுவது நல்லது.

சுயாதீன பாஸ்டர் ஒருவரை வைத்து நடத்துவதானால், 1872-ஆம் ஆண்டின் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி அவருக்கு உரிமம் இருக்கிறதா என்று தாளைப் பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் பதிவுக்குப் போகும்போது மாட்டிக்கொள்வீர்கள். எந்த வழியில் போனாலும், விதிவிலக்கு வருமுன் திருமணம் செய்தால் அந்தக் கணமே குருப்பணித் தடைக்கு ஆளாவார், திருச்சபையும் அதைத் திருமணமாக ஏற்காது. பின்னர் விதிவிலக்கு கிடைத்தால் கோவிலில் முறைப்படுத்திக்கொள்ளலாம்.

தங்கைக்கு இரண்டு வாசலும் இப்போது மூடித்தான் இருக்கின்றன. 2018-இல் உச்ச நீதிமன்றம் இந்தியத் தண்டனைச் சட்டம் 377-ஆம் பிரிவின் பிடியிலிருந்து அவர்களை விடுவித்தது. அவர்கள் சேர்ந்து வாழ்வது குற்றமல்ல. ஆனால் 2023 அக்டோபர் 17 தீர்ப்பில் தன்பாலினத் திருமணத்தை அங்கீகரிக்க மறுத்துவிட்டது. அதே தீர்ப்புப்படி, திருநங்கை ஓர் ஆணையோ திருநம்பி ஒரு பெண்ணையோ இப்போதுள்ள சட்டங்களிலேயே மணக்கலாம். 2023 டிசம்பரில் வாடிகன் தன்பாலின இணையருக்கு அனுமதித்தது வழிபாட்டு வடிவம் இல்லாத, சில விநாடி ஆசீர் மட்டுமே. அதைத் திருமணம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது.

அதனால் எழுத்தில்தான் அவர்களுக்குப் பாதுகாப்பு. இருவரும் ஆளுக்கொரு உயில் எழுதட்டும். கிறிஸ்தவர் உயில் எழுதாமல் இறந்தால் சொத்து பெற்றோர், உடன்பிறந்தார் பக்கம் போகும். தோழிக்கு ஒரு ரூபாயும் வராது. உயிலுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். பயன்பெறும் தோழியையே சாட்சிக் கையெழுத்துப் போட வைத்துவிடாதீர்கள். இந்திய வாரிசுரிமைச் சட்டம் 67-ஆம் பிரிவின்படி அவளுக்கு எழுதியது செல்லாமல் போகும். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுவது மேல். கூட்டு வங்கிக் கணக்கும் நாமினியும் வைத்துக்கொள்ளத் தடையில்லை என்று 2024 ஆகஸ்டில் மத்திய அரசே தெளிவுபடுத்தியது. ஆனால் நாமினி பணத்தை வாங்கி வைத்திருப்பவர் மட்டுமே, வாரிசு ஆகிவிட மாட்டார். அதனால் நாமினி இருந்தாலும் உயில் வேண்டும். பவர் பத்திரம் எழுதியவர் சுயநினைவு இழந்தால் அதுவும் செல்லாது, ஆஸ்பத்திரி நேரத்தில் அதை நம்ப முடியாது. வாடகை ஒப்பந்தம் இருவர் பெயரிலும் இருக்கட்டும்.

வீட்டார் யாராவது 'பெண்ணைக் காணவில்லை' என்று போலீஸுக்குப் போனால், 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் தந்த உத்தரவு கைகொடுக்கும்: இருவரும் வயது வந்தவர்கள், விருப்பப்பட்டு வாழ்கிறார்கள் என்று வாக்குமூலம் கிடைத்ததும் போலீஸார் தொந்தரவு செய்யாமல் புகாரை முடிக்க வேண்டும். அதன் நகலையும் வயதுச் சான்றையும் தங்கை கையில் வைத்திருக்கட்டும். 'மாற்றுகிறேன்' என்று சொல்லும் மருத்துவரிடமோ ஜெபக் கூட்டத்துக்கோ அவளைக் கூட்டிப்போக யாரையும் விடாதீர்கள்.